டெல்லியில் எந்தக் கதவைத் தட்டுவது? வேளாண் கொள்கைக் கூட்டங்களுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

விவசாயிகள் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், தொண்டு நிறுவனம் என்று எதன் சார்பில் போனாலும், முதல் டெல்லிப் பயணத்தில் நடக்கிற பெரிய தவறு ஒன்றுதான். டிக்கெட்டை முதலில் எடுத்துவிடுகிறார்கள், யாரைப் பார்ப்பது என்பதை ரயிலில் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். ஓர் அதிகாரி ஒதுக்குகிற நேரம் பதினைந்து நிமிடம், மிஞ்சிப்போனால் இருபது. உங்கள் விஷயத்தின் கோப்பு அவருடைய மேசைக்கே வராது என்றால், அந்தப் பதினைந்து நிமிடமும் மரியாதையான தலையாட்டலில் போய்விடும். இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய்த் தலையாட்டலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை.

கோப்பு யாரிடம் இருக்கிறது

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் முதல் கேள்வி, இது சென்னையில் முடிகிற வேலையா, டெல்லியில் முடிகிற வேலையா என்பதே. பல விஷயங்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். நெல்லின் ஈரப்பதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியத் தொகுப்புக்கான கொள்முதலில் அனுமதிக்கப்பட்ட ஈரப்பதம் 17 சதவீதம். அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் டெல்டாவில் தளர்வு கேட்கிறோம். தளர்வைத் தருவது மத்திய அரசு. ஆனால் மாநில அரசு கடிதம் எழுதினால்தான் அந்தக் கோப்பே பிறக்கும். அதன்பின் மத்தியக் குழு வந்து கொள்முதல் நிலையங்களில் மாதிரி எடுக்கும். மாநிலத்தின் கடிதம் போகும் முன்பே நீங்கள் டெல்லியில் நின்றால், "உங்கள் அரசு கேட்கட்டும், பார்க்கிறோம்" என்ற ஒரு வரியோடு திருப்பி அனுப்புவார்கள். போகும்போது மாநிலம் எழுதிய கடிதத்தின் எண்ணும் தேதியும் கையில் இருக்க வேண்டும்.

இதே உதாரணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஈரப்பதத் தளர்வு வேளாண் அமைச்சகத்தின் வேலை அல்ல. அது உணவு மற்றும் பொது விநியோகத் துறையின் வேலை. இந்த இரண்டுக்கும் கிருஷி பவன்தான் நெடுங்கால முகவரி என்பதால் புதியவர்கள் ஒன்றென்றே நினைத்துவிடுகிறார்கள். கட்டடம் ஒன்றானாலும் அமைச்சர் வேறு, செயலாளர் வேறு, கோப்பும் வேறு.

மற்ற விஷயங்களும் இப்படியே சிதறிக் கிடக்கின்றன. யூரியா, டிஏபி தட்டுப்பாடும் மானியமும் ரசாயனம் மற்றும் உரங்கள் அமைச்சகத்தின் உரத் துறையிடம் இருக்கின்றன. கரும்பின் நியாயமான ஆதாய விலையும் சர்க்கரை ஏற்றுமதி ஒதுக்கீடும் உணவுத் துறையில். பருத்தியைக் கொள்முதல் செய்யும் இந்தியப் பருத்திக் கழகம் ஜவுளி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வெங்காயத்துக்கோ அரிசிக்கோ ஏற்றுமதித் தடை என்றால் வர்த்தக அமைச்சகத்தின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம். பாமாயில் இறக்குமதி வரி என்றால் அறிவிக்கை வருவது நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையிலிருந்து. பாலும் மீனும் 2019 முதல் தனி அமைச்சகம். தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்கள் தொடர்பான மத்தியத் திட்டங்கள் 2021-ல் உருவான கூட்டுறவு அமைச்சகத்தில். பயிர்க் காப்பீடு, விதை, பூச்சி மருந்து, பிஎம் கிசான், குறைந்தபட்ச ஆதரவு விலை ஆகியவை வேளாண் அமைச்சகத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அங்கேயும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் இணைச் செயலாளர்.

சில விஷயங்களுக்கு டெல்லியே தேவையில்லை. தென்னை வளர்ச்சி வாரியமும் நறுமணப் பொருள் வாரியமும் கொச்சியில் இருக்கின்றன. காபி வாரியம் பெங்களூரு, ரப்பர் வாரியம் கோட்டயம், தேயிலை வாரியம் கொல்கத்தா. 2025 ஜனவரியில் தொடங்கிய தேசிய மஞ்சள் வாரியத்தின் தலைமையகம் நிஜாமாபாத். ஈரோட்டிலிருந்து மஞ்சளுக்காகக் கிளம்புகிறவர்கள் முதலில் அங்கே எழுதிப் பார்ப்பது நல்லது.

எந்தப் பிரிவு, எந்த அதிகாரி என்று கண்டுபிடிக்க அமைச்சகத்தின் இணையதளத்தில் இரண்டு பக்கங்களைப் பாருங்கள். ஒன்று தொலைபேசிப் பட்டியல், மற்றது பணிப் பகிர்வு ஆணை. இரண்டாவதுதான் முக்கியம். எந்த இணைச் செயலாளர் எந்தத் திட்டத்தைப் பார்க்கிறார், அவருக்குக் கீழே இயக்குநர் அல்லது துணைச் செயலாளர், சார்புச் செயலாளர், பிரிவு அலுவலர் யார் என்று அதில் இருக்கும். புதியவர்கள் செயலாளரைத்தான் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். செயலாளர் உங்கள் மனுவில் ஒரு கையெழுத்துப் போட்டு இணைச் செயலாளருக்கு அனுப்புவார், அவர் இயக்குநருக்கு அனுப்புவார். கோப்பில் முதல் குறிப்பை எழுதுவது பிரிவு அலுவலரும் சார்புச் செயலாளரும்தான். இணைச் செயலாளரைப் பார்த்துவிட்டு, அதே நாளில் சார்புச் செயலாளரையும் ஐந்து நிமிடம் பார்க்கிறவர்களின் வேலைதான் நகர்கிறது.

எப்போது போவது

எம்.பி.க்களைப் பார்க்க வேண்டுமா, அதிகாரிகளைப் பார்க்க வேண்டுமா என்பதை வைத்து மாதம் மாறும். நாடாளுமன்றம் நடக்கும்போது எம்.பி.க்கள் டெல்லியில் கிடைப்பார்கள். அதே நாட்களில் அதிகாரிகள் கேள்விகளுக்குப் பதில் தயாரிப்பதில் மூழ்கியிருப்பார்கள். உங்கள் துறைக்குக் கேள்வி நாள் எது என்று பார்த்து, அன்றும் அதற்கு முந்தைய நாளும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பட்ஜெட் 2017 முதல் பிப்ரவரி 1-ல் தாக்கலாகிறது. துறைகளோடு நிதி அமைச்சகத்தின் ஒதுக்கீட்டுப் பேச்சு அக்டோபர் வாக்கிலேயே தொடங்கிவிடும். பணம் கேட்கிற கோரிக்கையோடு ஜனவரியில் போகிறவர்கள் பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்துக்குப் போகிறவர்கள். செப்டம்பரில் உங்கள் தாள் துறையின் கையில் இருக்க வேண்டும். ஆதரவு விலைக்கும் அப்படித்தான். நெல் போன்ற கரீப் பயிர்களின் விலை வழக்கமாக மே கடைசி, ஜூன் வாக்கில் அறிவிப்பாகிறது, ரபி (குளிர்காலப் பயிர்) விலை அக்டோபர் வாக்கில். வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் தன் பரிந்துரையை அதற்குப் பல மாதங்கள் முன்பே எழுதிவிடும். அறிவிப்புக்கு முந்தைய வாரம் போய் விலையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவில் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 உறுப்பினர்கள். பட்ஜெட்டுக்குப் பின் மானியக் கோரிக்கைகளை, அதாவது துறை கேட்கும் நிதி ஒதுக்கீட்டை, ஆய்வு செய்வார்கள். ஏதேனும் ஒரு பொருளை எடுத்து ஆராயும்போது எழுத்து மூலம் கருத்தும் கேட்பார்கள். இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. சட்ட வரைவு ஏதாவது வெளியானால், 2014-ல் வகுத்த கொள்கைப்படி குறைந்தது 30 நாள் பொதுக் கருத்துக்கு விட வேண்டும். அந்த முப்பது நாளுக்குள் பத்தாவது, பதினைந்தாவது நாளில் போவது சரியான நேரம். கடைசி நாளில் போனால் அவர்கள் கருத்துகளைத் தொகுக்க ஆரம்பித்திருப்பார்கள்.

நாட்காட்டியில் அடித்துவிட வேண்டிய நாட்களும் உண்டு. ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து 29 வரை குடியரசு தின ஒத்திகை, அணிவகுப்பு, படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சி என்று கர்த்தவ்ய பாதையைச் சுற்றிய சாலைகள் அடைபடும்; பக்கத்து அலுவலகங்கள் சில நாட்களில் மதியமே காலியாகும். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். நவம்பரில் காற்று மாசு. ஆஸ்துமா உள்ளவரைக் குழுவில் அழைத்துப் போகாதீர்கள்.

நேரம் கேட்பது

மூன்று வாரம் முன்பு மின்னஞ்சல், ஒரு வாரம் கழித்துத் தொலைபேசி, புறப்படும் முன் ஒரு நினைவூட்டல். மின்னஞ்சலில் ஐந்து விஷயம் போதும்: நீங்கள் யார், எத்தனை விவசாயிகள் சார்பில் வருகிறீர்கள், பேச வேண்டிய ஒரே விஷயம், எந்த இரண்டு நாட்களில் டெல்லியில் இருப்பீர்கள், எத்தனை பேர் வருகிறீர்கள். ஒரு பக்க பிடிஎஃப் இணைத்தால் போதும். இருபது எம்பி புகைப்படக் கோப்பு அரசு மின்னஞ்சலில் போய்ச் சேராமலே திரும்பலாம், திரும்பியது உங்களுக்குத் தெரியாமலும் போகலாம்.

தொலைபேசியை எடுப்பது தனிச் செயலர். நாள் முழுக்க யார் உள்ளே போகலாம் என்று தீர்மானிப்பவர் அவர்தான். அவருடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லிப் பேசினால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கடிதம் வாங்குவது வெறும் சிபாரிசு என்று நினைக்காதீர்கள். மத்தியச் செயலகத்தின் அலுவலக நடைமுறைக் கையேட்டின்படி எம்.பி.யின் கடிதத்துக்கு 15 நாளில் ஒப்புகை, அடுத்த 15 நாளில் பதில் தர வேண்டும். அதே கோரிக்கை உங்கள் லெட்டர்பேடில் மட்டும் போனால் அந்த அளவு கவனம் கிடைப்பது அரிது. எம்.பி. கடிதத்தை உங்கள் மனுவுக்கு முகப்புக் கடிதமாக வைத்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

ஒரு பக்கம்

மனு ஒரே பக்கம், ஆங்கிலத்தில், முடிந்தால் பின்பக்கத்தில் இந்தியில். முதல் பத்தியில் கோரிக்கை, இரண்டாவதில் காரணம், மூன்றாவதில் எந்த ஆணையின் எந்தப் பத்தியை எப்படி மாற்ற வேண்டும் என்ற வாசகம். இந்த மூன்றாவது பத்திதான் பெரும்பாலான மனுக்களில் இருக்காது. "விவசாயிகளைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் பிரிவு அலுவலர் அதைக் கோப்பில் எப்படி ஏற்றுவார்? "வழிகாட்டு நெறிமுறையின் இன்ன பத்தியில் இன்ன சொல்லுக்குப் பதில் இது" என்று எழுதினால் அப்படியே எடுத்துக் குறிப்பில் வைப்பார். பத்துக் கோரிக்கை கொண்டுபோனால் மிகச் சுலபமானதற்குப் பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

அளவுகளில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். டெல்லியின் மொழி ஹெக்டேர், குவிண்டால். நம் மொழி ஏக்கர், மா, வேலி, மூட்டை. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். டெல்டாக் கணக்கில் 20 மா ஒரு வேலி. வேலி என்பது 6.67 ஏக்கர், ஏறக்குறைய 2.7 ஹெக்டேர். மூட்டைதான் மோசமானது. ஏக்கருக்கு 40 மூட்டை என்று சொன்னால், 60 கிலோ மூட்டையில் அது 24 குவிண்டால், 75 கிலோ மூட்டையில் 30 குவிண்டால். ஹெக்டேருக்கு மாற்றினால் 59-க்கும் 74-க்கும் உள்ள வித்தியாசம். இரண்டு சங்கத்தார் ஒரே அறையில் இரண்டு மூட்டையில் பேசினால், மகசூலே தெரியாமல் வந்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வருவார்கள்.

விலையைப் பேசப் போகிறவர்கள் செலவுக் கணக்கின் மூன்று பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். விதை, உரம், கூலி, டீசல், குத்தகை என்று கையிலிருந்து கொடுத்தது ஏ2. அதோடு குடும்பத்தார் உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் ஏ2+எஃப்எல். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் சொந்த முதலீட்டின் வட்டியையும் கூட்டினால் சி2. ஆதரவு விலை செலவைப் போல ஒன்றரை மடங்கு என்று அரசு சொல்வது ஏ2+எஃப்எல் மீது. விவசாயச் சங்கங்கள் கேட்பது சி2 மீது. 2025-26 கரீப் பருவத்துக்குச் சாதா நெல்லின் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று கணக்கிட்டு 2,369 ரூபாய் விலை அறிவித்தார்கள். அந்த 1,579 நாடு முழுவதற்குமான சராசரி. உங்கள் மாவட்டத்தில் அது கூடுதல் என்றால், எந்த வரியில் எவ்வளவு கூடுகிறது என்று காட்டுங்கள். நடவுக் கூலியா, அறுவடை இயந்திர வாடகையா, தண்ணீர் இறைக்கும் செலவா? தமிழ்நாட்டுச் சாகுபடிச் செலவுத் தரவைச் சேகரிப்பது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம். அவர்களுடைய கடைசி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு என்ன ஏறியது என்று பேசினால் மறுப்பது கடினம்.

பயிர்ப் பெயர்களும் காலை வாரும். சம்பா என்றால் நமக்குப் பருவம். வடக்கே அது சம்பா மசூரி என்ற ரகமாகக் காதில் விழும். குறுவை, சம்பா, தாளடி, நவரை என்று எழுதும்போது பக்கத்தில் விதைப்பு மாதமும் அறுவடை மாதமும் போட்டுவிடுங்கள். சோளத்தையும் மக்காச்சோளத்தையும் மொழிபெயர்ப்பவர்கள் குழப்புவது வழக்கம்: முன்னது ஜோவார், பின்னது மக்கா. நிலக்கடலை இந்தியில் மூங்ஃபலி. மூங் என்றால் பாசிப்பயறு. உளுந்து உரத், துவரை அர்ஹர், கம்பு பாஜ்ரா, எள் தில். கூட வருகிற மொழிபெயர்ப்பாளருக்கு இந்தப் பட்டியலை முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள்.

பயணமும் தங்கலும்

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்புதான் திறக்கிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணிக்குக் கிளம்பி, இரண்டு இரவு கழித்துக் காலையில் புது டெல்லி சேரும். தென் மாவட்டத்தார் கன்னியாகுமரியிலிருந்து மதுரை, திருச்சி வழியாக வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஹஸ்ரத் நிஜாமுதீனில் இறங்கலாம். அது தினமும் ஓடாது. ரயில் சேருகிற அன்று காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைக்காதீர்கள். கூட்டத்துக்கு முந்தைய நாளே ஊரில் இருக்க வேண்டும்.

விமானம் என்றால் டெர்மினல் 3-லிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ நேராகப் புது டெல்லி ரயில் நிலையத்தின் அஜ்மேரி கேட் பக்கம் கொண்டுவிடும். அங்கிருந்து மஞ்சள் வழித்தடம். டெர்மினல் 1-க்கு மெஜந்தா வழித்தடம். எந்த டெர்மினல் என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மாதிரி எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொப்பரைத் தேங்காய் தானாகத் தீப்பற்றக்கூடிய பொருள் என்ற வகையில் விமானத்தில் தடை. கொப்பரை விலைக்காகப் போகிறவர்களே கொப்பரையோடு பாதுகாப்புச் சோதனையில் மாட்டுவது வேடிக்கையான முரண். மிளகாய்த் தூள் கைப்பையில் கூடாது. பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். பூச்சி மருந்து பாட்டிலை எதிலும் கொண்டுபோகாதீர்கள். லேபிளின் படம் போதும். நோய் தாக்கிய கதிரை உலர்த்தி, மூடிய ஒளிபுகும் உறையில் வைத்தால் அலுவலக வாசலிலும் தொல்லை குறைவு.

அழைப்பு அமைச்சகத்திலிருந்து வந்து பயணச் செலவையும் அவர்கள் தருவதாக இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன் விதியைக் கேளுங்கள். அரசுப் பணத்தில் விமானப் பயணம் என்றால் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி என்ற மூன்று பயண முகவர்களில் ஒருவரிடம் எடுக்கச் சொல்வது நடைமுறை. வேறு செயலியில் மலிவாக எடுத்துவிட்டுப் பிறகு பில் திரும்பி வந்தால் வாதாடிப் பயனில்லை. போர்டிங் பாஸ், ஓட்டல் பில், பான் அட்டை நகல், ரத்து செய்த காசோலை ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள்.

தங்குமிடம் எங்கே என்பதைக் கூட்டம் எங்கே என்பது தீர்மானிக்கட்டும். கிருஷி பவனுக்கு மத்திய செயலகம் மெட்ரோ நிலையம். மஞ்சளும் ஊதாவும் அங்கே சந்திக்கின்றன. நிதி ஆயோக் சன்சத் மார்க்கில், படேல் சௌக் நிலையத்துக்குப் பக்கம். ஹவுஸ் காஸ் பக்கம் ஆகஸ்ட் கிராந்தி மார்க்கில் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பான அபீடாவும், சிறு விவசாயிகள் வேளாண் வணிகக் கூட்டமைப்பும், உணவு பதப்படுத்தும் அமைச்சகமும் இருக்கின்றன. மஞ்சள் வழித்தடத்தில் எங்காவது தங்கினால் இவை எல்லாமே எட்டும். பூசாவில், அதாவது இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில், கூட்டம் என்றால் கரோல் பாக் வசதி, சாப்பாட்டுக்கும் கவலையில்லை. தமிழ்நாடு இல்லத்தில் அறை கிடைத்தால் நல்லது, அதை நம்பி மட்டும் கிளம்ப வேண்டாம். மெட்ரோ கட்டணம் 2025 ஆகஸ்ட் உயர்வுக்குப் பின் 11 ரூபாயிலிருந்து 64 ரூபாய் வரை.

பூசா என்று வரைபடத்தில் தேடும்போது கவனம். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் முதலில் பீகாரிலுள்ள பூசாவில்தான் இருந்தது. 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்து, 1936-ல் டெல்லிக்கு வந்தபோது ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். பீகார் பூசாவிலும் இன்று ஒரு மத்திய வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது.

ரயில் நிலைய வாசலில் "கவுன்ட்டர் மூடிவிட்டார்கள், வாருங்கள்" என்று அழைப்பவரோடு போகாதீர்கள். அமைச்சக வாசலில் "நான் முடித்துத் தருகிறேன்" என்பவரும் அதே இனம்தான்.

வாசலில்

அமைச்சகங்கள் பழைய பவன்களிலிருந்து புதிய கர்த்தவ்ய பவன் கட்டடங்களுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன; முதல் கட்டடம் 2025 ஆகஸ்ட் 6-ல் திறந்தது. இணையத்தில் கிடக்கும் முகவரியை நம்பாமல், கட்டடம், மாடி, அறை எண், இன்டர்காம் எண் நான்கையும் முந்தைய நாள் தொலைபேசியில் உறுதிசெய்யுங்கள். இன்டர்காம் எண் இல்லாமல் வரவேற்பறையில் நின்றால், உள்ளே இருப்பவருக்கு நீங்கள் வந்ததே தெரியாது.

அலுவலக நேரம் காலை 9 முதல் மாலை 5.30, திங்கள் முதல் வெள்ளி. சனிக்கிழமை விடுமுறை. மதியம் 1 மணியிலிருந்து 2 வரை யாரையும் பார்க்க முடியாது என்றே கணக்குப் போடுங்கள். நுழைவுச் சீட்டு அதிகாரியின் அலுவலகம் சொன்னால்தான் கிடைக்கும். குழுவில் ஒவ்வொருவரின் பெயரையும் அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே முன்கூட்டி அனுப்புங்கள். ஆதாரில் ஒரு பெயர், பட்டியலில் ஒரு பெயர் என்றால் அவர் வெளியே நிற்பார். அசல் அட்டை வேண்டும். செல்போன் படம் எல்லா வாசலிலும் செல்லாது. படம் எடுத்து, பை சோதித்து, உள்ளே போக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு மூன்று சந்திப்புக்கு மேல் வைக்காதீர்கள், அதிலும் இரண்டு ஒரே கட்டடத்தில் இருக்கட்டும்.

வேட்டி சட்டை தாராளமாகப் போதும். குளிர்காலத்தில் உள்ளே ஸ்வெட்டர், காலில் சாக்ஸ்.

அறைக்குள்

நான்கு பேருக்கு மேல் போனால் நாற்காலி இருக்காது. ஒருவர் பேசட்டும், ஒருவர் மொழிபெயர்க்கட்டும், ஒருவர் எண்களோடு தயாராக இருக்கட்டும், ஒருவர் குறிப்பெடுக்கட்டும். சால்வை போர்த்திப் படம் எடுக்கும் வழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பதினைந்தில் மூன்று நிமிடம் அதற்கே போகும், அதிகாரிக்கும் சங்கடம். பரிசுப் பொருளும் வேண்டாம்.

முதல் அரை நிமிடத்தில் பெயர், மாவட்டம், உறுப்பினர் எண்ணிக்கை, பயிர். அடுத்து கோரிக்கை. வரலாறு அதற்குப் பிறகுதான், அவர் கேட்டால். தமிழில் பேசுகிறவர் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசி முடித்தால் மொழிபெயர்ப்பவர் ஒரே வரியில் சுருக்கிவிடுவார். உங்கள் விவசாயி சொன்ன நல்ல விவரம் அந்தச் சுருக்கத்தில் செத்துப்போகும்.

"இது எங்கள் கையில் இல்லை" என்று சொன்னால் கோபப்படாமல், யார் கையில் என்று கேளுங்கள். பெயரும் பதவியும் வாங்குங்கள், முடிந்தால் அவருக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். "பார்க்கிறோம்" என்று சொன்னால், இதற்கு உங்கள் தரப்பிலிருந்து இன்னும் என்ன தாள் தேவை, யாருக்கு அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் உண்மையான நிலவரம்.

தனிச் சந்திப்பு இல்லாமல், பலரை அழைத்து நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் ஆட்டமே வேறு. அறுபது பேர் இருக்கும் அரங்கில் உங்களுக்கு மூன்று நிமிடம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. பேசுவதைவிட, பேச்சின் எழுத்து வடிவத்தை உறுப்பினர்-செயலர் கையில் கொடுப்பது முக்கியம். கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் மாலையில் கையில் இருக்கும் தாளைப் பார்த்துத்தான் எழுதுவார். வருகைப் பதிவில் மின்னஞ்சலைத் தெளிவாக எழுதுங்கள். குறிப்பு அந்த முகவரிக்குத்தான் வரும். வந்ததும் உங்கள் கருத்து விடுபட்டிருக்கிறதா என்று பார்த்து, விடுபட்டிருந்தால் அன்றே திருத்தம் கேட்டு எழுதுங்கள்.

அறையை விட்டு வெளியே வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மனுவின் இரண்டாவது பிரதியில் தனிச் செயலரிடம் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள், டைரி எண் (அலுவலகத்தில் மனுவைப் பதிவு செய்யும் எண்) எப்போது விழும் என்று கேளுங்கள். இந்த எண் இல்லாத மனுவுக்கு அலுவலகத்தில் உயிர் இல்லை.

ஊர் திரும்பிய பிறகு

இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஒரு மின்னஞ்சல்: என்ன பேசினோம், அவர்கள் என்ன சொன்னார்கள், நாங்கள் என்ன அனுப்புவதாகச் சொன்னோம், டைரி எண். கேட்ட தாளை ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள். அதே பிரதியை மாநில வேளாண் துறைக்கும் எம்.பி. அலுவலகத்துக்கும் அனுப்பி வையுங்கள். மூன்றாவது வாரம் சார்புச் செயலாளருக்கு ஒரு போன். கோப்பு மேலே போயிருக்கிறதா, மாநிலத்திடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். மாநிலத்திடம் கேட்டிருந்தால் உங்கள் அடுத்த பயணம் சென்னைக்கு. மத்தியக் கடிதம் அங்கே ஏதோ ஒரு மேசையில் மாதக்கணக்கில் படுத்திருப்பது சகஜம்.

இரண்டு மாதம் ஓசையில்லை என்றால் இரண்டு வழி. எம்.பி. மூலம் அவையில் கேள்வி கேட்கலாம். அதற்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், எழுத்துப்பூர்வப் பதில் கிடைக்கும். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில் பத்து ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். "என் கோரிக்கை என்ன ஆனது" என்று கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று வரும். "இன்ன டைரி எண், இன்ன தேதியிட்ட மனுவின் மீது இதுவரை எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் யார் என்ன எழுதினார்கள், எந்த மேசையில் நின்றது என்று தேதியோடு இருக்கும். அடுத்த முறை டிக்கெட் எடுக்கும் முன் யாருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.